கோவலன் போன பிறகு: ஒரே சாவு, ஆளுக்கொரு துக்கம்

சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும். ஒருத்தி மார்பில் அடித்துக்கொண்டு அழுவாள். ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் பந்தல்காரரிடம் நாற்காலி வாடகைக்குப் பேரம் பேசுவார், ஐஸ் பெட்டிக்கு போன் போடுவார், வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குக் காப்பி போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பார். "பெத்த அப்பன் செத்துக் கெடக்கான், கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல பாரு" என்று ஊர் பேசுவது இந்த ஆளைப் பற்றித்தான்.

கதை படிக்கும்போதும் நாம் இதே கணக்கைத்தான் போடுகிறோம். அழுத பாத்திரத்துக்குப் பாசம் அதிகம். அழாதது கல்நெஞ்சு. பொங்கி எழுந்தால் வீரம், ஒதுங்கிப் போனால் கோழைத்தனம். எழுதப் பழகுகிறவர்களும் இப்படித்தான் எழுதுகிறார்கள். யாராவது இறந்ததும் வீட்டிலுள்ள எல்லாப் பாத்திரங்களும் ஒரே அளவில், ஒரே மாதிரி கதறும். படிக்கிறவர் இரண்டு பக்கம் தள்ளிவிட்டுப் போய்விடுவார்.

ஒருவர் இறந்தால் எல்லாரும் ஒரே ஆளை இழப்பதில்லை. மனைவி இழந்தது ஒன்று, தாய் இழந்தது வேறு, அவரிடம் வேலை பார்த்தவன் இழந்தது இன்னும் வேறு. ஆகவே ஒரு பாத்திரத்தின் துக்கத்தைப் புரிந்துகொள்ள முதலில் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: இவர் எதை இழந்தார்? எவ்வளவு அழுதார் என்பதெல்லாம் அப்புறம்.

இதைக் காட்ட எனக்குச் சிலப்பதிகாரத்தைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை. பள்ளியில் படித்த காரணத்தாலேயே நம்மில் பாதிப் பேருக்கு அது வழக்குரை காதையோடு முடிந்துவிட்டது. தேரா மன்னா, உடைந்த சிலம்பு, எரிந்த மதுரை, பத்து மதிப்பெண், அவ்வளவுதான். ஆனால் முப்பது காதைகள் கொண்ட அந்தக் காப்பியத்தில் கோவலன் பதினாறாவது காதையிலேயே வெட்டுப்பட்டு விழுந்துவிடுகிறான். மீதிப் பதினான்கு காதைகளில் பெரும்பகுதி, அந்த ஒரு சாவு யார் யாரை என்னென்ன செய்தது என்பதுதான். அதுவும் போதாமல் மணிமேகலை என்று இன்னொரு காப்பியம் அதே துக்கத்திலிருந்து கிளம்புகிறது.

நடந்தது இதுதான். புகார் நகரத்து வணிகன் கோவலன், ஆடல்மகள் மாதவியோடு வாழ்ந்து செல்வத்தையெல்லாம் தொலைத்துவிட்டு மனைவி கண்ணகியிடம் திரும்புகிறான். இருவரும் புதிதாகப் பிழைக்கலாம் என்று மதுரைக்கு நடந்து வருகிறார்கள். கண்ணகியின் காற்சிலம்பை விற்கப் போன இடத்தில், அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் பழியைக் கோவலன்மேல் போடுகிறான். பாண்டியன் விசாரிக்காமல் கொல்லச் சொல்லிவிடுகிறான்.

ஐந்து படிகளும் கண்ணகியும்

துக்கம் என்றதும் இப்போது எல்லாரும் சொல்வது 'ஐந்து நிலைகள்'. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் எழுதிய புத்தகத்திலிருந்து பரவியது இது. ஒரு விஷயத்தை மட்டும் பலர் கவனிப்பதில்லை. அவர் அதைச் சாகக் கிடந்த நோயாளிகளிடம் பேசி எழுதினார். தன் சாவை எதிர்கொள்கிறவர்களின் நிலை அது. பிறரைப் பறிகொடுத்தவர்களுக்கு அதைப் பொருத்தியது பிறகு நடந்தது. அதுவும் ஏணிப்படி மாதிரி வரிசையாக ஏற வேண்டியது என்று ஆக்கிவிட்டார்கள். கதை எழுதச் சொல்லிக்கொடுக்கும் இடங்களில் இந்த ஐந்தையும் வரிசையாக வைத்து ஐந்து அத்தியாயம் எழுதச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். அப்படி எழுதினால் பாத்திரம் ஆளாக இருக்காது, அட்டவணையாக இருக்கும்.

கண்ணகியை இதில் பொருத்திப் பாருங்கள். பாதிதான் பொருந்துவாள்.

அவள் எதை இழந்தாள்? கணவனை என்று சொல்வது எளிது. ஆனால் அந்தக் கணவன் பல காலம் அவளிடம் இல்லவே இல்லை. இப்போதுதான் திரும்பி வந்தான். மதுரையில் அடைக்கலம் கொடுத்த மாதரியின் வீட்டில் கண்ணகி தன் கையால் சமைத்துப் போட்டு அவன் சாப்பிட்டுவிட்டுப் போனதுதான் அங்கே அவர்கள் தொடங்கவிருந்த வாழ்க்கையின் முதல் நாள். அவள் இழந்தது நடந்து முடிந்த வாழ்க்கையை அல்ல, இனிமேல் நடக்கவிருந்ததை. அதோடு இன்னொன்று: அவன் கள்வன் என்று பெயர் வாங்கிச் செத்தான். ஆளும் போய், பேரும் போய்விட்டது.

இதை வைத்துப் பார்த்தால் அவள் செய்வதெல்லாம் புரிகிறது. செய்தி கேட்டதும் பொங்கி எழுகிறாள், விழுகிறாள், கண் சிவக்க அழுகிறாள், மயங்குகிறாள். அடுத்து அவள் சொல்வதுதான் முக்கியம். கணவன் எரியில் மூழ்கியபின் நோன்பு நோற்றுத் துயரப்படுகிற பெண்களைப்போல நானும் அவலத்தில் அழிந்துபோவதா என்று கேட்கிறாள். துறைதுறையாகப் போய் நீராடிக் கைம்மை காக்கிற பெண்களைப்போலவா என்கிறாள். ஊர் தனக்கென்று எடுத்து வைத்திருக்கிற துக்க முறையை அவள் பெயர் சொல்லி மறுக்கிறாள். பிறகு சூரியனைப் பார்த்து, "காய்கதிர்ச் செல்வனே, கள்வனோ என் கணவன்?" என்கிறாள். அவன் செத்தானா என்று அவள் கேட்கவில்லை. அதில் அவளுக்கு மறுப்பு எதுவும் இல்லை. திருடனா என்றுதான் கேட்கிறாள்.

இத்தனைக்கும் அவள் கோபக்காரியே அல்ல. கணவன் பிரிந்திருந்தபோது, குளத்தில் மூழ்கித் தெய்வத்தைத் தொழுதால் அவன் திரும்பி வருவான் என்று தோழி தேவந்தி சொன்னதற்கு அவள் சொன்ன பதில் 'பீடு அன்று' என்பதுதான். அது நமக்குப் பெருமை இல்லை என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாள். அந்தப் பெண்ணா இவள் என்று படிக்கிறவர் அதிர வேண்டும். அதேசமயம் அந்தப் பெண்தான் இவள் என்றும் தெரிய வேண்டும். அன்று தெய்வத்திடம்கூடக் கெஞ்ச மறுத்த அதே பீடு, இன்று அரசனிடம் தீர்ப்புக் கேட்கப் போகிறது. துக்கம் ஆளை மாற்றிவிட்டதாகச் சொல்கிறோமே, பெரும்பாலும் ஏற்கெனவே உள்ளே இருந்த ஒன்றை அது வெளியே இழுத்துப் போடுகிறது. நல்ல எழுத்தாளர்கள் சாவுக்கு வெகுமுன்பே அந்த ஒன்றை எங்கோ ஒரு வரியில் காட்டி வைத்திருப்பார்கள்.

வெட்டுண்டு கிடந்த கோவலன் ஒரு கணம் எழுந்து அவள் கண்ணீரைத் துடைத்துவிட்டு மறைகிறான். அப்போதும் அவள், "காய்சினம் தணிந்தன்றிக் கணவனைக் கைகூடேன்" என்கிறாள். கோபம் தீர்ந்த பிறகுதான் அவனிடம் போவேன் என்று. துக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டாள் என்று இதைப் படிக்கலாம். முதலில் வழக்கு, பிறகு அழுகை.

அந்த வரி எவ்வளவு உண்மை என்பது மதுரை எரிந்த பிறகு தெரிகிறது. நம் பாடப் புத்தகமும் மேடைப் பேச்சும் சினிமாவும் தீயோடு நிறுத்திக்கொள்வதால் இந்தப் பகுதி பலருக்குத் தெரியாமலே போய்விட்டது. மதுராபதித் தெய்வம் அவள்முன் தோன்றி, இது முன்வினை என்று விளக்குகிறது. முற்பிறப்பில் கோவலன், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய் சொல்லிக் கொல்ல வைத்தான். சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் அரற்றி அலைந்து, எங்களுக்கு இதைச் செய்தவர் இதே துன்பத்தை அடையட்டும் என்று சாபமிட்டுவிட்டு மலையிலிருந்து விழுந்தாள். அந்தச் சாபம்தான் இது. ஒரு விதவையின் துக்கம் இன்னொரு விதவையை உண்டாக்கியிருக்கிறது என்கிறது கதை. எனக்கு இது காப்பியத்தின் மிகக் கொடூரமான இடம்.

சரி, காரணம் தெரிந்ததே, கண்ணகிக்கு மனம் ஆறியதா? இல்லை. கொற்றவை கோயில் வாயிலில் வளையலை உடைத்துப் போடுகிறாள். "கீழ்த்திசை வாயில் கணவனொடு புகுந்தேன், மேல்திசை வாயில் வறியேன் பெயர்கு" என்று சொல்லிக்கொண்டு நகரை விட்டுப் போகிறாள். கிழக்கு வாசலில் புருஷனோடு வந்தேன், மேற்கு வாசலில் ஒன்றுமில்லாதவளாகப் போகிறேன். இரவு பகல் தெரியாமல் வைகைக் கரையோடு நடக்கிறாள், பள்ளம் மேடு பார்க்காமல் மலை ஏறுகிறாள். சபையில் அரசனை நடுங்க வைத்த குரல் இங்கே இல்லை. கோபம் ஒரு ஊன்றுகோல் மாதிரி அவளைத் தாங்கியிருந்தது. ஊரை எரித்ததும் அது கையைவிட்டுப் போய்விட்டது. உண்மையான துக்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அது பதினான்கு நாள். வேங்கை மர நிழலில் நின்றவளைக் குறவர்கள் யாரென்று கேட்கும்போது, கணவனை இழந்து வந்த கடுவினையேன் என்கிறாள். மதுரையை எரித்தவள் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

ஆகக் கோபம் துக்கத்தின் ஒரு படி என்பதைவிட, சிலருக்கு அது துக்கத்தைத் தொடாமல் இருப்பதற்கான வழி என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. பழிவாங்கும் கதைகளில் நாயகன் கடைசி வில்லனைக் கொன்றதும் படம் முடிந்துவிடுகிறது. மறுநாள் காலை அவன் என்ன செய்வான் என்று யாரும் காட்டுவதில்லை. சிலப்பதிகாரம் காட்டுகிறது.

அரண்மனையில் இரண்டு சாவு

பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் கோவலனை அறியவே மாட்டான். அவன் இழந்தது தான் யார் என்ற நினைப்பை. "யானோ அரசன், யானே கள்வன்" என்பதில் இரண்டே சொற்கள்தான் இடம் மாறியிருக்கின்றன. ஒரு நிமிடம் முன்புவரை அவன் அரசன், அந்த ஆள் கள்வன். இப்போது அது தலைகீழ். இந்தக் குற்ற உணர்வுக்கு அழுகை போதாது, பரிகாரமும் கிடையாது. அங்கேயே விழுந்து உயிர் விடுகிறான். அருகில் இருந்த கோப்பெருந்தேவி, கணவனை இழந்தவர்களுக்கு ஈடாகக் காட்ட எதுவுமே இல்லை என்று குலைந்து, அவன் அடி தொழுது விழுகிறாள். இருவரின் முடிவும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் அவனைச் சாய்த்தது வெட்கம், அவளைச் சாய்த்தது பிரிவு.

சேர நாட்டுக்குச் செய்தி போனதும் செங்குட்டுவன் தன் தேவியிடம் ஒரு கேள்வி கேட்கிறான்: கணவனோடே உயிர்விட்ட பாண்டிமாதேவி, சினந்து நம் நாட்டுக்கு வந்த கண்ணகி, இருவரில் வியக்கத்தக்கவள் யார்? அரசி வேண்மாள் இருவரில் யார் உயர்வு என்று தீர்ப்புச் சொல்லாமல் நழுவுகிறாள். கணவனின் துன்பத்தைக் காணாமலே போனவள் வானுலகில் சிறப்புப் பெறட்டும், நம் நாட்டைத் தேடி வந்த பத்தினியை நாம் வழிபடுவோம் என்கிறாள். இரண்டு துக்கத்தை எடை போடச் சொன்னபோது எடை போட மறுத்த அந்தப் பதில் எனக்குப் பிடிக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். துக்கம் தாங்காமல் உயிர்விடுவதைக் காப்பியம் பெருமையாகப் பாடுகிறது. அது அந்தக் காலத்து நெறி. இன்று படிக்கிற நாம், பாத்திரம் ஏன் அப்படிச் செய்தது என்று புரிந்துகொண்டால் போதும். அந்தப் பெருமையையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதில்லை.

அடைக்கலம் கொடுத்தவர்கள்

இடைக்குல முதுமகள் மாதரிக்குக் கோவலன் உறவினன் அல்ல. ஓரிரு நாள் விருந்தாளி. கவுந்தியடிகள் என்ற சமணத் துறவி, பார்த்துக்கொள் என்று அவளிடம் ஒப்படைத்த ஆட்கள். அப்படியிருக்க அவள் ஏன் நடுச்சாமத்தில் எரியில் புகுந்தாள்? 'அடைக்கலம் இழந்தேன்' என்று அவளே சொல்லிவிடுகிறாள். அவள் இழந்தது கோவலனை அல்ல, நம்பிக்கையை. நம்பி ஒப்படைத்ததைக் காப்பாற்ற முடியவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன நேரத்தில் அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் ஒருவர் மனம் என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள். பெற்றவளின் துக்கத்தைவிட இதைச் சில சமயம் வெளியே சொல்வது கடினம்.

அவளிடம் ஒப்படைத்த கவுந்தி உண்ணா நோன்பிருந்து உயிர்விடுகிறார். சமண நெறியில் அப்படி ஒரு வழி ஏற்கெனவே உண்டு. துக்கம் எந்த வடிவில் வெளிவரும் என்பதை ஆளின் குணம் மட்டும் தீர்மானிப்பதில்லை, அவருக்கு எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. இதைப் புகாரில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம்.

தந்தைகளும் தாய்களும்

புகாருக்குச் செய்தி கொண்டுபோனவன் மாடலன் என்ற மறையவன். பிறகு வடக்கே கங்கைக் கரையில் செங்குட்டுவனைக் காணும்போது, அங்கே நடந்ததையெல்லாம் அவன் ஒரே மூச்சில் சொல்கிறான். கோவலனின் தந்தை மாசாத்துவான் பொருளையெல்லாம் தானமாகக் கொடுத்துவிட்டுப் பௌத்த விகாரத்துக்குப் போய்த் துறவியானான். அவன் மனைவி மகன் துயரம் தாங்காமல் இறந்தாள். கண்ணகியின் தந்தை மாநாய்கன் ஆசீவகர் என்ற துறவிகள்முன் தானம் செய்து அறம் பூண்டான். அவன் மனைவியும் இறந்தாள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்தும். தந்தைகள் இருவருக்கும் போக ஓர் இடம் இருந்தது. கொடுக்கப் பொருள் இருந்தது. பிள்ளைக்காகச் சேர்த்த சொத்து, பிள்ளை இல்லை என்றானதும் அர்த்தமற்றுப் போகிறது. அதைக் கொடுத்துவிடுவதே அவர்களின் அழுகை. வணிகன் வணிகன் மாதிரியே துக்கப்படுகிறான். இரண்டு தாய்களுக்கோ காப்பியத்தில் பெயர்கூட இல்லை. ஆளுக்கு ஓரிரு வரியில் உயிர் போய்விடுகிறது. இது அவர்களின் துக்கம் பெரிது என்பதாலா, அவர்களுக்கு வேறு வழி எதையும் கவிஞர் யோசிக்கவில்லை என்பதாலா? இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

மாடலனையும் விட்டுவிடக் கூடாது. தன் வாய்ச் சொல்லைக் கேட்டு இத்தனை பேர் இறந்துவிட்டார்கள் என்று அவன் கங்கையில் நீராட வந்திருக்கிறான். செய்தி சொன்னதைத் தவிர அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. நள்ளிரவில் போன் போட்டு இழவுச் செய்தி சொல்ல நேர்ந்த யாருக்கும் இந்தப் பாரம் புரியும்.

துக்கப்பட உரிமை இல்லாதவள்

மாதவியிடம் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். கோவலனோடு பல காலம் வாழ்ந்தவள், அவன் பிள்ளை மணிமேகலையைப் பெற்றவள். ஆனால் மனைவி இல்லை. அவன் இறந்த செய்தி வந்தபோது ஊர் துக்கம் விசாரிக்க யார் வீட்டுக்குப் போயிருக்கும்? மாசாத்துவான் வீட்டுக்கும் மாநாய்கன் வீட்டுக்கும் போயிருக்கும். மாதவி வீட்டுக்கு யார் போவார்கள்?

கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989இல் இதற்கென்று ஒரு கருத்தையே முன்வைத்தார். தமிழில் 'உரிமை மறுக்கப்பட்ட துக்கம்' என்று சொல்லலாம். இழப்பு உண்மை, வலி உண்மை, ஆனால் சமூகம் அதைத் துக்கமாக ஒப்புக்கொள்வதில்லை. ரகசியக் காதலர், விவாகரத்தான துணை, பிறக்காமல் போன குழந்தையின் தாய், வளர்த்த நாயை இழந்தவர் எல்லாம் இதில் வருவார்கள்.

மணிமேகலைக் காப்பியத்தில் மாதவியின் சொந்தத் தாய் சித்திராபதியே இந்த உரிமையை மறுக்கிறாள். கணவன் செத்தால் தீயில் விழுகிற பத்தினிக் குலமா நாம், பாணன் இறந்தால் யாழும் கூடவே சாகிறதா, கோவலன் இறந்ததற்காக மாதவி துறவியர் பள்ளிக்குப் போனது சிரிக்கத்தக்கது என்கிறாள். கொடுமையான பேச்சுதான். ஆனால் சித்திராபதி எதை இழந்தாள் என்று அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். மகளின் கலை, பேத்தியின் எதிர்காலம், பரம்பரைத் தொழில், வீட்டு வருமானம் எல்லாம் போயிற்று. அவளுடைய துக்கம் ஏளனமாக வெளிவருகிறது. எல்லாத் துக்கமும் கண்ணீர் வேஷத்தில் வராது.

மாதவி என்ன செய்கிறாள்? தலையில் சூடிய மாலையைக் கூந்தலோடு களைந்து, பௌத்த அறம் ஏற்கிறாள். இந்திர விழாவில் ஆட வரவில்லையே என்று கேட்டு வந்த தோழி வசந்தமாலையிடம் அவள் பேசும் பேச்சு, தமிழில் துக்கத்தைப் பற்றிய ஒரு வகைப்பாடு என்றே சொல்லலாம். கணவன் இறந்தால் பத்தினிப் பெண்கள் சிலர் உலைத்துருத்தி போல மூச்செறிந்து அக்கணமே உயிர்விடுவார்கள், இல்லையென்றால் குளிர்ந்த குளத்தில் இறங்குவதுபோல எரியில் இறங்குவார்கள், அதுவும் இல்லையென்றால் மறுபிறப்பில் சேர்வதற்காக நோன்பிருந்து உடம்பை வருத்துவார்கள். இப்படி மூன்றைச் சொல்லிவிட்டு, கண்ணகி இந்த மூன்றிலும் சேராதவள் என்கிறாள். அட்டவணையைப் போட்டவளே அதை உடைத்தும் விடுகிறாள்.

அதற்குப் பிறகு அவள் சொல்வது இன்னும் பெரிது. மணிமேகலை அந்த மாபெரும் பத்தினியின் மகள், அவள் தவத்துக்குரியவள், இந்தத் தொழிலுக்கு வரமாட்டாள் என்கிறாள். தான் பெற்ற பிள்ளையைக் கண்ணகியின் பிள்ளையாக்கிவிடுகிறாள். மனைவி என்ற இடம் தனக்குக் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். கோவலன் குடும்பத்தில் ஓர் இடத்தை மகளுக்காவது வாங்கிவிட முடியுமா என்று பார்க்கிறாள். இதில் குற்ற உணர்வு இருக்கிறது, பாசம் இருக்கிறது, கொஞ்சம் சாமர்த்தியமும் இருக்கிறது. ஒரு துக்கத்துக்குள் இத்தனை இருந்தால்தான் அது மனுஷத் துக்கம்.

மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஸ்கட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் சொன்னது இங்கே உதவும். துக்கப்படுகிறவர்கள் ஒரே இடத்தில் நிற்பதில்லை, இழந்ததை நினைத்து உருகுவதற்கும் இனி நடக்க வேண்டிய வேலைகளுக்கும் இடையே ஊசல் மாதிரி போய்வருவார்கள் என்பது அவர்கள் கருத்து. காலையில் படத்துக்குமுன் அழுதவர் மதியம் வங்கியில் வாரிசுச் சான்றிதழ் கேட்டு வரிசையில் நிற்பார், சாயங்காலம் அவருடைய சட்டை ஒன்று கண்ணில் பட்டதும் மறுபடி உடைவார். காப்பியப் பாத்திரங்கள் பெரும்பாலும் இப்படி ஆடுவதில்லை. ஒரு முடிவெடுத்து அதில் போய்விடுகிறார்கள். மாதவி மட்டும்தான் இரண்டு பக்கமும் நிற்கிறாள். உலகைத் துறந்தவள், ஆனாலும் மகளின் காரியத்தை ஒரு கணமும் விடவில்லை. சாவு வீட்டில் நாற்காலிக்குப் பேரம் பேசுகிறவரும் இந்த ஊசலின் ஒரு முனையில் இருக்கிறார். மறுமுனைக்கு அவர் போகும்போது பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள்.

துக்கம் பழியாகும்போது

சுருக்கமாக ஒன்று. பாண்டிய நாட்டில் அடுத்து அரியணை ஏறிய வெற்றிவேற் செழியன், கண்ணகிக்குப் பலியாக ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லரைக் கொன்றான் என்கிறது காப்பியம். ஒரு பொற்கொல்லன் செய்த குற்றத்துக்கு ஆயிரம் பேர். கண்ணகிகூடத் தீயிடம் பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகளை விட்டுவிடச் சொன்னாள். இவனுக்கு அந்த வரம்பும் இல்லை. அதிகாரத்தில் இருப்பவனின் துக்கம் எப்போதும் யார் தலையிலாவது விடியும். எழுத்தாளர் இதைக் கண்டிக்கவில்லை, சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

செத்தவளோடு பேசுவது

கடைசிக்கு முந்தைய வாழ்த்துக் காதையில் தேவந்தி, கண்ணகியின் செவிலித்தாய், அடித்தோழி மூவரும் சேரர் தலைநகர் வஞ்சிக்கு வந்து சேர்கிறார்கள். கண்ணகி இப்போது கோயிலில் கல்லாக நிற்கிறாள். அவர்கள் அவளிடம் ஊர்ச் செய்தி சொல்கிறார்கள். மாமியார் இறந்ததைக் கேட்டாயோ தோழீ, மாதவி துறந்ததைக் கேட்டாயோ தோழீ, மணிமேகலை துறந்ததைக் கேட்டாயோ தோழீ. நம் ஒப்பாரியும் இதேதான். பிணத்தைப் பார்த்து, நீ போனது தெரியாமல் மாடு கத்துது, நீ நட்ட மரம் காய்ச்சிருக்கு என்று கிராமத்துக் கிழவிகள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். செத்தவரை மறந்து மேலே போவதுதான் ஆரோக்கியம் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். உறவு முடிவதில்லை, வடிவம் மாறித் தொடர்கிறது என்று 1990களில் ஆய்வாளர்கள் எழுதத் தொடங்கினார்கள். ஒப்பாரி வைக்கிறவர்களிடம் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார்கள்.

அவர்கள் அரற்றியபின் கண்ணகி ஒளியாகத் தோன்றி, "தென்னவன் தீதிலன்" என்கிறாள். பாண்டியன் குற்றமற்றவன், நான் அவன் மகள் என்கிறாள். ஐந்து நிலைக்காரர்கள் இதை 'ஏற்பு' என்பார்கள். இருக்கலாம். ஆனால் மனுஷியாக இருந்தவரை அவள் இதைச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தெய்வமான பிறகுதான் சொல்கிறாள். அந்த மன்னிப்பு மனிதர்களுக்கு எளிதில் கைகூடாது என்று கவிஞருக்கே தோன்றியிருக்கலாம்.

அந்தக் கூட்டத்தில் ஐயை என்ற சின்னப் பெண் ஒருத்தியும் நிற்கிறாள். மாதரியின் மகள். கண்ணகி மதுரையில் கோவலனுக்குக் கடைசிச் சாப்பாடு சமைத்தபோது வைக்கோலில் தீ மூட்டிக் கொடுத்தவள் இவள்தான். அதன் பிறகு இவள் அம்மா தீயில் போனாள். தேவந்தி அவளைக் கண்ணகிக்குக் காட்டி, "ஐயையைக் கண்டாயோ தோழீ" என்று அழுகிறாள். தேவந்திக்கு ஓர் அரற்று இருக்கிறது, செவிலிக்கு ஒன்று, அடித்தோழிக்கு ஒன்று. ஐயைக்கென்று ஒரு வரி இல்லை.